கைக்குள் ஓர் அலுவலகம் – 9: கடவுச்சொல் யார் பெயரில் இருக்கிறது?

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் ஒருவருடைய கடவுச்சொல் அவரிடமே இருப்பது அரிது. ஆதார் நகலின் பின்பக்கத்திலோ வங்கிக் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளிலோ பேனாவால் எழுதிய ஒரு வரியாக அது இருக்கலாம். விண்ணப்பத்தைப் பதிவு செய்து கொடுத்த இ-சேவை மையத்துக் கணினியில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் மகனின் நினைவில் மட்டும் இருக்கலாம். இந்த மூன்றில் எது வாய்த்தாலும், கணக்குக்கு உரியவர் தம் கணக்கைத் தாமே திறக்க முடியாமல் இன்னொருவர் வருகைக்குக் காத்திருக்கிறார். கைப்பேசியோடும் உலாவியோடும் சேர்ந்தே வரும் ‘கடவுச்சொல் நிர்வாகி’ என்னும் வசதி இந்தக் காத்திருப்புக்கு முடிவுகட்டக் கூடியது என்பதில் ஐயமில்லை. உலாவி என்பது குரோம், பயர்பாக்ஸ் போல இணையதளங்களைத் திறந்து காட்டும் செயலி. நிர்வாகி என்பது அதனுள்ளேயோ கைப்பேசியின் அமைப்பினுள்ளேயோ இருந்துகொண்டு, கடவுச்சொற்களைத் தானே உருவாக்கி, பூட்டிவைத்து, வேண்டும்போது எடுத்து நிரப்பும் பகுதி. இதைச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலிருந்து தொடங்குகின்றன. இவ்வட்டாரத்தில் அது இரண்டாம் படியாகவே இருக்க முடியும். அந்த நிர்வாகி யாருடைய கணக்கின் கீழ் இயங்குகிறது என்று பார்ப்பதே முதற்படி.

சென்ற இதழில் விளக்கப்பட்ட ஓ.டி.பி. ஒருமுறை பயன்பட்டதும் செல்லாமற்போகும் எண் என்பதால், அதை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லோ மாற்றப்படும்வரை செல்லுபடியாவது. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்க யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண்ணும் அதற்கொரு கடவுச்சொல்லும் வேண்டும்; அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதுபவருக்கு ஒருமுறைப் பதிவுக் கணக்கு வேண்டும்; ரயில் முன்பதிவுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு, கல்லூரி உதவித்தொகைக்கு ஒரு கணக்கு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மின்னஞ்சல் கணக்கு. நாள்தோறும் புழங்கும் வாட்ஸ்அப்புக்கும் யு.பி.ஐ. செயலிக்கும் இத்தகைய கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவை எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ திறக்கப்படுபவை. வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்க வேண்டிய அவசரம் வீட்டில் ஒரு திருமணமோ மருத்துவச் செலவோ வரும்போதுதான் எழுகிறது. இரண்டாண்டுக்கு முன் வைத்த கடவுச்சொல் அன்றைக்கு நினைவுக்கு வராததில் வியப்பு ஒன்றுமில்லை. மறதியைக் குறையாகச் சொல்வது வழக்கம். அரிதாகப் பயன்படும் ஒன்றை மனித மனம் தள்ளிவைப்பது இயல்பு என்பதே சரி.

மறக்கக் கூடாது என்பதற்காக மக்கள் கண்ட வழி, பெயரை எழுதி, அதன் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, ‘அட்’ குறி போட்டு, 123 சேர்ப்பது. இ-சேவை மையங்களில் அவசரமாகக் கணக்கு தொடங்கும்போதும் இதே அச்சுதான் பயன்படுகிறது. இது யாருடைய அறியாமையாலும் விளைந்ததன்று; கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக்குறி கட்டாயம் இருக்க வேண்டும் என்று தளங்கள் விதித்த விதிக்கு மனித மனம் கொடுத்த சோம்பலான விடை. அந்த விதி உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் 2003-இல் எழுதிய வழிகாட்டுதல் பெரும் காரணமாயிற்று. தாம் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக அவரே 2017-இல் ஒரு நாளிதழிடம் தெரிவித்தார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் தன் நிலையை மாற்றிக்கொண்டு, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதைக் கைவிடவும், நீளத்துக்கு முதன்மை தரவும், கடவுச்சொல் நிர்வாகியிலிருந்து எடுத்து ஒட்டுவதைத் தளங்கள் அனுமதிக்கவும் பரிந்துரைத்தது. இந்தியத் தளங்கள் பலவற்றில் பழைய விதியே இன்றும் ஆட்சி செய்கிறது; 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தளத்தில் 123 என்பது 124 ஆகிறது, அவ்வளவே.

எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் என்பது கணினியோடு கூடப் பிறந்த நோய். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சனும் ராபர்ட் மோரிஸும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 மிகக் குறுகியவையாகவோ அகராதி முதலிய பட்டியல்களில் உள்ளவையாகவோ இருந்தன என்று காட்டினர். அவர்கள் ஆராய்ந்த பயனர்கள் அக்காலத்திலேயே கணினியில் பணியாற்றியவர்கள் என்பதைக் கவனித்தால், இன்றைய கிராமத்து மூதாட்டியை இதற்காகக் கடிந்துகொள்ள யாருக்கும் தகுதியில்லை என்பது விளங்கும். முப்பது ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில், ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியானபோது, அவற்றில் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456 என்ற ஒன்றுதான். இந்தியாவில் 2020-இல் பிக்பாஸ்கெட் மளிகைத் தளத்தின் ஏறக்குறைய 2 கோடி வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன.

மளிகைத் தளத்தில் நிகழ்ந்த கசிவுக்கும் வைப்பு நிதிக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானது. தொடர்பை ஏற்படுத்துவது பயனரே: எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதன் மூலம். ஓரிடத்தில் கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பிற தளங்களில் அவை செல்லுமா என்று தானியங்கி நிரல்கள் முயன்று பார்க்கின்றன. சென்னையில் வேலை பார்க்கும் மகள் காய்கறி வாங்கத் தொடங்கிய கணக்கின் சொல்லும், ஊரில் தந்தைக்காக அவள் தொடங்கிய மின்னஞ்சல் கணக்கின் சொல்லும் ஒன்றாக இருந்தால், ஒன்று போனால் மற்றதும் போகும். தளத்துக்குத் தளம் வேறுபட்ட கடவுச்சொல் வேண்டும் என்பதே இதற்கான மாற்று. பத்துத் தளங்களுக்குப் பத்து வெவ்வேறு நீண்ட சொற்களை எந்த மனிதரும் நினைவில் வைக்க இயலாது என்பதால், அந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டியதாகிறது.

தனிக் கட்டணம் கட்டி வாங்கும் நிர்வாகிச் செயலிகளும் உண்டு. அவற்றுள் பெயர் பெற்ற லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்தே 2022-இல் வாடிக்கையாளர்களின் பூட்டப்பட்ட பெட்டகங்களின் நகல்கள் திருடுபோயின என்பதால், பணம் கட்டினால் பாதுகாப்பு கூடும் என்று கொள்ள வேண்டியதில்லை. புதிதாக எதையும் நிறுவாமல், கைப்பேசியில் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்துவதே இவ்வட்டாரத்து வாசகருக்கு ஏற்றது. செயலி என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் எதையும் நிறுவாமலிருக்கும் பழக்கத்துக்கும் அதுவே துணை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுள் கடவுச்சொல் நிர்வாகி இருக்கிறது. பிற செயலிகளுக்குள் புகுந்து கடவுச்சொல்லை நிரப்பும் தானியங்கி நிரப்பல் வசதி 2017-இல் ஆண்ட்ராய்டின் எட்டாம் பதிப்போடு வந்தது. ஐபோனில் 2013 முதல் இருந்துவந்த சாவிக்கொத்து வசதி, 2024 செப்டம்பரில் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற தனிச் செயலியாகத் தலைகாட்டியது. கூகுள் நிர்வாகி சேமிக்கும் சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவியில்லாதவருக்கு வெறும் குப்பை எழுத்துகளாகத் தெரியும் வகையில் மாற்றப்பட்டு, அந்தக் கைப்பேசியில் உள்நுழைந்திருக்கும் கூகுள் கணக்கோடு இணைக்கப்படுகின்றன. அதே கணக்கில் வேறொரு கருவியில் உள்நுழைந்தால் அவை அங்கும் வந்து சேர்கின்றன. இந்த இணைப்பே இதன் பயன். இந்த இணைப்பே இதன் ஆபத்தும் ஆகும்.

சிறு நகரங்களில் கைப்பேசி வாங்கப்படும் முறையை இங்கே கருத வேண்டும். கடைக்காரர் சிம் அட்டையைப் பொருத்தி, கைப்பேசியை உயிர்ப்பித்து, “ஜிமெயில் இருக்கா, புதுசா போடட்டுமா?” என்று கேட்கிறார், பழையது நினைவில்லாததால் புதிய கணக்கு ஒன்று அங்கேயே தொடங்கப்படுகிறது. வாங்கியவரின் பெயரோடு நான்கைந்து எண்கள் சேர்ந்த அந்த முகவரியின் கடவுச்சொல் கடைக்காரருக்குத் தெரியும், அல்லது அன்று மாலைக்குள் அவருக்கும் மறந்துபோகும். கணக்கு மீட்பு எண்ணாக, அதாவது கடவுச்சொல் மறந்தால் உறுதிசெய்து கொள்வதற்கான எண்ணாக, சில வேளைகளில் கடையின் எண்ணே இடம்பெற்றுவிடுகிறது. இதில் பெரும்பாலும் வஞ்சகம் ஏதுமில்லை. கூட்ட நேரத்தில் வேலை முடிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அப்படித் தொடங்கிய கணக்கின் மேல் கடவுச்சொல் நிர்வாகியை நிறுவி, வாழ்வின் எல்லாச் சாவிகளையும் அதில் சேர்ப்பது, அந்தச் சாவிகள் அனைத்தையும் பெயர் தெரியாத ஒருவர் பொறுப்பில் விடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘கூகுள்’ என்ற தலைப்பைத் திறந்து, எந்த மின்னஞ்சல் முகவரி அங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து அதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குச் சென்றால், பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் தெரியும். அவை தம்முடையவையோ குடும்பத்தில் நம்பத்தக்க ஒருவருடையவையோ அல்ல என்றால் மாற்ற வேண்டும். அதே பகுதியில் அந்தக் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. விற்றுவிட்ட பழைய கைப்பேசியோ, எங்கோ ஒரு கடையின் கணினியோ அதில் இருந்தால் அவற்றை வெளியேற்றலாம். பிறகு கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பழையது தெரியாவிட்டாலும் பெரும்பாலும் தடையில்லை: கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் கைப்பேசியிலிருந்து ‘மறந்துவிட்டேன்’ என்ற வழியைத் தேர்ந்தால், திரைப்பூட்டைத் திறந்து காட்டச் சொல்லியோ மீட்பு எண்ணுக்குக் குறியீடு அனுப்பியோ கூகுள் சரிபார்க்கிறது. இந்தப் புதிய கடவுச்சொல் ஒன்றைத்தான் மனிதர் நினைவில் வைக்க வேண்டும் என்பதால், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடராக அது இருக்கலாம். அதைத் தாளில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைப்பதைப் பழமை என்று இகழ வேண்டியதில்லை. தொலைவிலிருந்து இணையம் வழியே தாக்குபவர் அந்தப் பெட்டியைத் திறக்க வழியில்லை.

இவ்வளவும் முடிந்த பின் மிஞ்சுவது சிறு வேலை. அண்மைக் கால ஆண்ட்ராய்டுகளில் ‘பாஸ்வேர்ட்ஸ், பாஸ்கீஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழும், சாம்சங் கைப்பேசிகளில் பொது நிர்வாகப் பகுதியின் கீழும் நிரப்பும் சேவையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. பிற நிறுவனக் கைப்பேசிகளில் இடம் மாறினாலும், செட்டிங்ஸின் உச்சியில் உள்ள தேடல் கட்டத்தில் ‘ஆட்டோஃபில்’ என்று தேடினால் கிடைத்துவிடும். அங்கே கூகுளைத் தேர்ந்தால் போதும். சாம்சங்கில் அந்நிறுவனத்தின் சொந்தச் சேவையே முன்னதாகத் தேர்ந்திருக்கக் கூடும். அதுவும் பயன்படத்தக்கதே, ஆயினும் பாதிச் சொற்கள் ஒன்றிலும் பாதி மற்றதிலும் சேர்வது குழப்பத்துக்கு வழி என்பதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஐபோனில் பொது அமைப்புகளுக்குள் தானியங்கி நிரப்பல் என்ற பகுதியில் இதே தேர்வு உண்டு.

இனி ஒரு தளத்தில் புதுக்கணக்கு தொடங்கும்போது, கடவுச்சொல் கட்டத்தைத் தொட்டதும் எழுத்தும் எண்ணும் குறியும் விரவிய, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட சொல்லை நிர்வாகி தானே முன்மொழிகிறது; ஏற்றுக்கொண்டால், ‘சேமிக்கவா’ என்று கேட்கும் சிறு பலகை திரையின் அடியில் எழும்புகிறது. அந்தப் பலகையில் எந்த மின்னஞ்சல் கணக்கில் சேமிக்கப் போகிறது என்பதும் சிறிய எழுத்தில் காட்டப்படுகிறது. அவசரத்தில் யாரும் படிக்காத அந்த ஒரு வரியைத்தான் படிக்க வேண்டும்; ஒரே கைப்பேசியில் தந்தையின் முகவரியும் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகவரியும் சேர்ந்திருக்கும் வீடுகளில், தந்தையின் வைப்பு நிதிக் கடவுச்சொல் பிள்ளையின் கணக்கில் போய்ச் சேர்வது எளிதாக நடக்கிறது. பழைய கணக்குகளை ஒரே நாளில் மாற்றியமைக்கத் தேவையில்லை. எந்தத் தளத்துக்கு எப்போது போக நேர்கிறதோ அப்போது அதன் கடவுச்சொல்லை மாற்றிச் சேமித்துவரலாம். நிர்வாகியினுள் உள்ள ‘செக்-அப்’ என்ற பகுதி, சேமித்தவற்றில் எவை கசிந்த பட்டியல்களில் இருக்கின்றன, எவை திரும்பத் திரும்பப் பயன்பட்டிருக்கின்றன, எவை வலுவற்றவை என்று பிரித்துக் காட்டுவதால், முதலில் எதை மாற்றுவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

உலாவியைப் பொறுத்தவரை, சொந்தக் கணினி வைத்திருப்பவருக்குச் சொல்ல அதிகமில்லை: குரோமில் அதே கூகுள் கணக்கைத் திறந்தால் கைப்பேசியில் சேமித்தவை அங்கும் தோன்றும், நிரப்பும் முன் கணினியின் பூட்டைக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளவும் முடியும். பயர்பாக்ஸில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ என்ற கூடுதல் பூட்டை வைத்தாலொழிய, சேமித்தவற்றுக்குத் தனிக் காவல் இல்லை. சிக்கல் பொதுக் கணினியில்தான் இருக்கிறது. ஊரக மக்களில் பெரும்பாலோர் கணினியின் எதிரே அமர்வது இ-சேவை மையத்திலோ பேருந்து நிலையத்தருகே உள்ள ஜெராக்ஸ் கடையிலோதான். அங்கே நாளொன்றுக்குப் பலருடைய கணக்குகள் ஒரே உலாவியில் திறக்கப்பட்டு மூடப்படுகின்றன. ‘சேமிக்கவா’ என்று உலாவி கேட்கும்போது, விரைந்து வேலை செய்யும் கை பழக்கத்தினால் ‘சரி’ என்பதை அழுத்திவிடுகிறது. அந்த நொடியில் வாடிக்கையாளரின் கடவுச்சொல் மையத்தின் கூகுள் கணக்கில் குடியேறி, அந்த மையத்தை நடத்துபவரின் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நடத்துபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய கணினி வைரஸ் தாக்காதது என்று சொல்ல முடியாது. விண்டோஸ் கணினிகளின் உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்களை ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போவதற்கென்றே எழுதப்பட்ட தீநிரல்கள் உண்டு. அவற்றில் பெயர் போன ரெட்லைன் என்பதன் கட்டமைப்பைப் பல நாட்டுக் காவல் துறையினர் சேர்ந்து 2024 அக்டோபரில் முடக்கினர். மையத்தில் அமரும்போது, குரோமின் மேல் மூலையில் உள்ள வட்டக்குறியைத் தொட்டு ‘கெஸ்ட்’ என்ற விருந்தினர் சாளரத்தைத் திறந்து தரும்படி கேட்டால், மூடியவுடன் உலாவியில் எதுவும் மிஞ்சாது. கேட்பதில் கூச்சம் தேவையில்லை. அது நடத்துபவருக்கும் பாதுகாப்பு. பின்னொரு நாள் யாருடைய கணக்கிலாவது ஏதேனும் நேர்ந்தால், சந்தேகம் முதலில் அவர் பக்கமே திரும்பும்.

கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் வேலையைவிடப் பெரிய ஒரு வேலையை நிர்வாகி சத்தமில்லாமல் செய்கிறது. ஒவ்வொரு சொல்லையும் அது தளத்தின் இணைய முகவரியோடு பிணைத்தே சேமிக்கிறது. பழகிய தளத்தைத் திறந்து கட்டத்தைத் தொட்டதும், விசைப்பலகையின் மேல் பயனர் பெயர் ஒரு சிறு பட்டையாகத் தோன்றும். அதைத் தொட்டு விரல் ரேகை வைத்தால் இரண்டு கட்டங்களும் நிரம்பும். அதே தளத்தைப் போலவே நிறம், சின்னம், எழுத்து எல்லாம் அமைத்த போலித் தளத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வழியே போய்ச் சேர்ந்தால், மனிதக் கண் ஏமாறும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிர்வாகி ஏமாறாது, பட்டை தோன்றாது. வழக்கமாக வரும் பட்டை ஒருநாள் வராமற்போனால், அங்கே கடவுச்சொல்லைத் தேடி எடுத்துக் கையால் அடிக்க முயலாமல், நின்று முகவரியைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து பிறக்கும் விதி.

இந்த விதிக்கு ஒரு விலக்கு அண்மையில் நேர்ந்திருக்கிறது. வங்கிகள் அனைத்தும் தம் இணைய முகவரியை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஏப்ரலில் ஆணையிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பின்னொட்டைப் பெற முடியாது என்பதால், போலிகளை அடையாளம் காண இது உதவும். ஆனால் பழைய முகவரியின் கீழ் சேமித்த கடவுச்சொல் புதிய முகவரியில் தானாக வராமல் போகலாம். அப்போது, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், வங்கிக் கிளையில் கேட்டு உறுதிசெய்த முகவரியைத் தாமே தட்டச்சு செய்து திறந்து, ஒருமுறை கையால் நிரப்பிப் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலையை இழுத்துவருவது எழுதுபவர்களின் தீராத வழக்கம். தேர்தல் மேடைகளில் அது தேய்ந்தே போய்விட்டது. எனினும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் ஆட்சியில் கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில், மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் இங்கே பொருந்தும். முப்பது குடும்புகளின், அதாவது ஊர்ப் பிரிவுகளின், ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காண ஒருவர் உயர்த்திக் காட்ட, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்கிறது விதி. மத்தியஸ்தன் கெட்டவன் என்று ஊர்ச்சபை கருதவில்லை. அவன் நல்லவனா என்ற கேள்வியே எழாதபடி முறையை அமைத்தது. கடவுச்சொல் நிர்வாகி முகவரியைச் சரிபார்ப்பதும் விருந்தினர் சாளரம் எதையும் மிச்சம் வைக்காததும் அந்த வகையைச் சேர்ந்த ஏற்பாடுகளே. குடவோலை சபையோர் கண்முன் நடப்பது, கடவுச்சொல் ஒருவர் கண்ணுக்கும் படக் கூடாதது என்ற வேறுபாட்டை மறந்து ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது பொருந்தாது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் பூட்டிவிட்ட பின், அந்த இடத்தின் பூட்டு எது என்று பார்க்க வேண்டும். அது கைப்பேசியின் திரைப்பூட்டு. இந்த வட்டாரத்தில் கைப்பேசி ஒருவருடைய தனிப்பொருளாக இருப்பது குறைவு. பகலில் பெற்றவர் கையிலும் மாலையில் பிள்ளைகள் கையிலும் புழங்குவது. திரையில் புள்ளிகளை இணைத்து எல் வடிவக் கோடு போட்டு வைத்த பூட்டு, தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். நிலைக்கதவின் மேல்சட்டத்தில் சாவியை வைத்துவிட்டு வயலுக்குப் போகும் வீட்டைப் போன்றது அது. ஊர் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் கைப்பேசி காஞ்சிபுரத்துப் பேருந்தில் தவறிப்போனால், எடுத்தவர் கண்ணாடியில் படிந்த விரல் தடத்தைப் பார்த்தே கோட்டை ஊகித்துவிட முடியும். ஆறிலக்க எண்ணும் விரல் ரேகையும் இதைவிட எவ்வளவோ மேல். வயலிலும் தறியிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பது ரேஷன் கடைகளில் எல்லோரும் கண்டது. கைப்பேசியிலும் அப்படி நேரும் என்பதால், ஒரே விரலை இரண்டு முறை தனித்தனியே பதிவு செய்வதும், எண்ணை மறவாதிருப்பதும் தேவை. பிள்ளைகள் விளையாடக் கைப்பேசியைக் கேட்பார்கள் என்றால், ஆண்ட்ராய்டின் பல வகைகளில் இன்னொரு பயனர் என்ற பிரிவைத் திறக்க முடியும். அங்கே பெற்றவரின் சேமிப்பு தெரியாது.

எதைச் சேமிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். யு.பி.ஐ. பின் எண், ஏ.டி.எம். பின் எண் இரண்டும் கடவுச்சொற்கள் அல்ல. அவற்றை நிர்வாகி கேட்பதும் இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் அவற்றை வலிந்து எழுதிவைப்பதைத் தவிர்க்க வேண்டும். இணைய வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்க வேண்டாம் என்றே வங்கிகள் பலவும் சொல்லிவருகின்றன. பொதுக் கணினியை மனத்தில் கொண்டு பிறந்த இந்த அறிவுரை, பலர் கைமாறும் கைப்பேசிக்கும் முழுமையாகப் பொருந்தும். தனியாக ஒருவர் மட்டும் புழங்கும், நல்ல பூட்டுள்ள கைப்பேசியில், வங்கிக்கும் மளிகைக்கும் ஒரே சொல்லை வைப்பதைக் காட்டிலும் தனிச் சொல்லைச் சேமிப்பதே தீங்கு குறைந்தது என்பதைப் பாதுகாப்பு அறிந்தவர்கள் ஒப்புவர். ஆனால் இவ்வட்டத்தில் எத்தனை கைப்பேசிகள் அந்த வகை என்ற கேள்விக்கு அவரவர் வீட்டில்தான் விடை இருக்கிறது. பி.எம். கிசான் என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப்பில் உலவும் ஏ.பி.கே. கோப்புகளை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே நிறுவப்படும் செயலிகளை, ஒருமுறை அனுமதித்துவிட்டால் அவை திரையையே படிக்கத் தொடங்கும். அந்நிலையில் எந்த நிர்வாகியும் காவல் காக்காது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கைப்பேசி மாறும் நாள்தான் இத்தனை ஏற்பாட்டுக்கும் உண்மையான தேர்வு. பழைய கைப்பேசி விழுந்து உடைந்து, புதியது வாங்கும்போது, கடையில் மீண்டும் புது ஜிமெயில் போடப்பட்டால், சேமித்த அனைத்தும் பழைய கணக்கிலேயே தங்கிவிடும். அவை அங்கே என்றென்றும் பத்திரமாக இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை: இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படாத தனிநபர் கணக்குகளை அவற்றின் உள்ளடக்கத்தோடு நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. தாளில் எழுதி வைத்த பழைய முகவரியையும் கடவுச்சொல்லையும் கடைக்குக் கொண்டுபோய், அவற்றைத் தாமே தட்டச்சு செய்து உள்நுழைந்தால், சில நிமிடங்களில் சேமிப்பு முழுவதும் புதிய கைப்பேசிக்கு வந்துவிடும். சேமித்தவற்றை ஒரு கோப்பாக வெளியே எடுத்து மாற்றலாம் என்று சிலர் வழி சொல்வதுண்டு. அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கத்தக்க வெறும் எழுத்தாக இருப்பதால், கடைக்காரரின் கணினி வழியாக அதைச் செய்வது கூடாது. உடைந்த கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதானால், புதியதிலிருந்தே கணக்குப் பக்கத்துக்குச் சென்று, பழைய கருவியைப் பட்டியலிலிருந்து வெளியேற்றிய பிறகு கொடுக்கலாம்.

கடவுச்சொல்லே இல்லாமல் கைப்பேசியின் பூட்டை மட்டும் கொண்டு தளத்துக்குள் நுழையும் ‘பாஸ்கீ’ முறையை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரிப்பதாக 2022 மே மாதம் அறிவித்தன. மேலே செட்டிங்ஸ் தலைப்பில் கடவுச்சொல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இடம்பெற்றிருப்பது அதனால்தான். அதில் சேமிக்கப்படுவது சொல்லன்று, ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு எண் சாவிகளில் ஒன்று. அவை எப்படி இயங்குகின்றன, கைப்பேசியைப் பலர் பகிரும் வீட்டில் அது கூடுதல் வசதியா கூடுதல் தொல்லையா என்பது அடுத்த இதழில்.